சித்தேரி இல்லாத பட்டியல்

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குரிய காலண்டர் தாளின் பின்புறத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "காலையில் வெயில். மதியம் தூறல் போட்டு நின்றது. கத்தரிக்காய் குழம்பு. ஓரகத்தி வந்தாள்." அவள் எதில் வந்தாள் என்பதை எழுதவில்லை.

திருமணமாகி அரூருக்கு வந்த மறுவாரத்திலிருந்து இதைச் செய்து வருகிறேன். காலையில் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பேன். மாலையில் அதன் பின்பக்கத்தில் நாலு வரி எழுதுவேன். கடைகளில் ரசீது குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பேன். வருடத்துக்கு ஒரு கம்பி. அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருப்பதால் தேதி போடாத எதையும் நம்ப மாட்டேன். சீசாவில் திரவம் இருந்தால் போதாது, என்றைக்கு ஊற்றியது என்று சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். நான் எழுதிய தாள்களில் பொய் ஒன்றுகூட இல்லை என்பது என்னுடைய கர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் பொய் இல்லை. நாளின் பெரிய செய்தி மட்டும் இல்லை.

ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள். அதியமான்கோட்டையில் இருக்கிறார்கள். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம், அதற்கு மேல் கூரை, பக்கத்தில் கொய்யா மரம். எங்கள் வீடு இருப்பது அரூரில் ஒரு சந்துக்குள். பைக் திருப்பலாம், கார் நுழையாது. அன்றைக்கு அவள் சந்து முனையில், புளி மண்டிக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு போனில் கூப்பிட்டாள். "அக்கா, வெளிய வாங்க. ஒண்ணு காட்டணும்." நான் போவதற்குள் சந்தில் பாதிப் பேர் போயிருந்தார்கள்.

நீல நிறக் கார். முகப்பில் கதம்பம், எலுமிச்சை. ஓட்டும் இருக்கையில் அவள். பக்கத்தில் கொழுந்தன், பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"ஆடி பொறந்துட்டா எடுக்க முடியாதுங்களே, அதான் வெள்ளிக்கெழமையே டெலிவரி வாங்கிட்டோம். கரண்டு வண்டிங்க அக்கா. ஏறுங்க, முன்னாடி உக்காருங்க." பிறகு தன் கணவரிடம், "நீங்க பின்னாடி போங்க."

திருவண்ணாமலை சாலையில் கொஞ்ச தூரம் கூட்டிப் போனாள். உள்ளே ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் பெல்ட் போடவில்லையாம். எங்கே இழுப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கையால் எட்டி இழுத்து, குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதுபோல மாட்டிவிட்டாள். பொறாமையைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். தடித் தடியான நாவல்களில் அது அரசர்களையும் தளபதிகளையும் என்னென்னவோ செய்யும். எனக்கு அது அந்தப் பெல்ட் மாட்டிய சத்தத்தில் வந்தது.

"சத்தமே இல்லையே," என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அதாங்க அக்கா தொல்ல. ஆடு மாடு ஒண்ணும் நவுர மாட்டேங்குது. ஆரன் அடிச்சே பேட்டரி தீந்துரும்போல." சிரித்தாள். "கிளட்ச்சே கெடையாது பாத்தீங்களா? உங்களுக்கு அதான பிரச்சன."

அதுதான் என் பிரச்சினை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் டீசல் காரில் என் கணவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரே ஒரு நாள். ஏரிக்கரைச் சாலையில். அந்த நாள் தாளில் "வண்டி ஏழு முறை நின்றது" என்று இருக்கிறது. ஏழாவது முறை பின்னால் டவுன் பஸ் ஒன்று வந்து நின்று, ஓட்டுநர் இறங்கியே வந்துவிட்டார். "போதும், எறங்கு" என்றார் என் கணவர். அன்றைக்கு வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் இவள். அப்போது அவளுக்கும் ஓட்டத் தெரியாது. இப்போது கிளட்ச் இல்லாத வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு, அது வருவதற்குள் டிரைவிங் ஸ்கூலில் மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அவர்கள் போன பிறகு கணவரிடம், நம் டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு மின்சார வண்டி எடுக்கலாமே என்றேன். காரணங்கள் எல்லாம் கோவையாக வந்தன. டீசல் விலை, புகை, வயதான வண்டி, அடிக்கடி மெக்கானிக். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும்.

என் கணவர் பஸ் நிலையத்துக்கு அருகில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். எதையும் உடனே மறுக்க மாட்டார். அவசரப்படவும் மாட்டார். டீசல் வண்டியை மொரப்பூர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். ஆடியில் வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றிருந்தார். ஆக எங்களுக்கு ஒரு ஆடி மாதம் இருந்தது. யாரும் எதையும் வாங்காத, விற்காத மாதம். யோசிக்க மட்டும் செய்யலாம்.

"நீதான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கியே," என்றார். "மூணு வருசத்துல இந்த வண்டி எங்கெங்க போச்சுனு கம்பியில இருந்து எடுத்து எழுது. பக்கத்து ஓட்டமா இருந்தா கரண்டு வண்டி பாப்போம். தூர ஓட்டமா இருந்தா டீசலே இருக்கட்டும். நீ எழுதுனதுக்கு மேல எனக்கு வேற சாட்சி வேணாம்."

என் தாள்களை அவர் அப்படி மதித்துப் பேசியது முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மூன்று கம்பிகளையும் பாயில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன்.

மதியத்துக்குள் பயம் வந்துவிட்டது. தாள்களில் இருந்ததெல்லாம் தூரம். பெங்களூரில் கண் மருத்துவமனை. சேலத்தில் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்தது. திருவண்ணாமலையில் கல்யாணம். எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தேரி. என் நாத்தனார், என் கணவருக்கும் கொழுந்தனுக்கும் ஒரே அக்கா, சித்தேரி மலையில் இருக்கிறார். அவருடைய கணவர் அங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகப் போனவர், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கி வரவில்லை. நாத்தனாருக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. அதனால் நாங்கள்தான் ஏறிப் போவோம். போகும்போது நாலு பேர், வரும்போது நாலு பேரோடு சாமை மூட்டை, பலாப்பழம். அந்த ஏற்றத்தில் டீசல் வண்டியே பெருமூச்சு விடும். ஒவ்வொரு தடவையும் நான் விரிவாக எழுதியிருந்தேன், வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் நேரம் உட்பட.

இந்தப் பட்டியலைக் கொடுத்தால் டீசலே இருக்கட்டும் என்றுதான் சொல்வார். அவள் நீலக் காரில் வருவாள். நான் பின் இருக்கையில் சாமை மூட்டையோடு வருவேன்.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கம்பியில் நடுவில் இருக்கும் தாளை எடுக்க வேண்டுமென்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கழற்றினேன். சித்தேரி போன பத்துத் தாள்கள், பெங்களூர் போன நாலு, மொத்தம் பதினான்கை உருவினேன். மற்றவற்றை வரிசை மாறாமல் திரும்பக் குத்தினேன். உருவிய தாள்களை, வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடாத ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலுக்குள் வைத்தேன். பிறகு ஆய்வக ஏட்டில் போடுவதுபோல் கோடு போட்டு, நாள், இடம், தூரம் என்று பட்டியல் எழுதினேன். எழுத்து மிக அழகாக வந்தது.

ஞாயிறு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே என் கணவர் அதைப் படித்தார். மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். அவர் படித்து முடித்தார், முதலிலிருந்து மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சித்தேரி எங்க?"

நான் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தினேன்.

"மூணு வருசமா நாம அக்கா வூட்டுக்கே போகலியா? வருசா வருசம் பதினெட்டுக்குச் சேல கொண்டு போறமே, அது யாருக்குக் குடுத்தோம்?"

ஆடிப்பெருக்கு அன்றைக்குத் தம்பிகள் இருவரும் அக்காவுக்குச் சேலை கொண்டுபோவது எங்கள் குடும்பத்தில் தவறாத வழக்கம். அதற்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. சேலையை நானேதான் தருமபுரியில் எடுத்து, பீரோவில் வைத்திருந்தேன். கார் வேண்டும் என்ற வேகத்தில், என் கணவர் தன் அக்காவை மூன்று வருடம் கைவிட்டுவிட்டார் என்று என் கையெழுத்தில் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அம்மா," என்றாள் மகள், "அத்தைய டெலிட் பண்ணிட்டியா?"

அவர் சிரிக்கவில்லை. "பெங்களூரும் இல்ல. என் கண்ணு தானா நல்லாயிருச்சு போல."

"எடுத்து வெச்சிருக்கேன்," என்றேன்.

"எங்க?"

சொன்னேன். மகள் போய் நாவலை எடுத்து வந்து தட்டினாள். தாள்கள் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தன. சிலவற்றில் கம்பி குத்திய ஓட்டை கிழிந்து விளிம்புவரை போயிருந்தது. என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்து அடுக்கினார். அந்த நேரத்தில் அவர் திட்டியிருந்தால் தேவலை.

"வண்டி வேணும்னா வேணும்னு சொல்லு," என்றார். "எழுதுனத எடுக்காத. இத நம்பித்தான் நான் நாள் நட்சத்திரமே ஞாபகம் வெச்சுக்கறதில்ல."

"அவ ஓட்டுறா. நானும் ஓட்டணும்," என்றேன். அவ்வளவுதான் காரணம், வேறெதுவும் இல்லை.

அவர் எழுந்து போய், வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டு வந்தார். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டரையும் தேதியையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மகள் பதினான்கு தாள்களையும் சேர்த்து என் பட்டியலைக் கூட்டினாள். பிறகு சர்வீஸ் புத்தகத்தில் மூன்று வருட ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தாள். என் தாள்களில் இருந்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

"மிச்சமெல்லாம் எங்கம்மா போச்சு?"

என் கணவர்தான் சொன்னார். கடைக்கு. கடையிலிருந்து தீர்த்தமலைப் பக்கம் தோட்டங்களுக்குக் குழாய் அளவெடுக்க. பஸ் நிலையத்துக்கு. உழவர் சந்தைக்கு. தினமும் நடப்பதால் நான் எதையும் எழுதியதில்லை. தூரம் போனால்தான் என் பேனா திறக்கும். இத்தனை வருடம் எழுதியும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. வண்டி பெரும்பாலும் பக்கத்தில்தான் ஓடியிருக்கிறது. நான் ஒரு தாளையும் உருவியிருக்க வேண்டியதில்லை.

"நீ ஸ்கூலுக்கு பஸ்ஸுல போறது அந்த மீட்டர்லயும் இல்ல," என்றாள் மகள். "அதையும் சேத்துக்க. போக வர முப்பது கிலோமீட்டரு."

ஆக, மின்சார வண்டி எங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, சார்ஜ் போட அதை எங்கே செருகுவது. டீசல் வண்டி புளி மண்டியின் சுற்றுச்சுவருக்குள்தான் நிற்கும். நான் மண்டிக்காரரிடம் கேட்டேன். "நிறுத்துறதுக்கு நான் என்னிக்காச்சும் வேணாம்னு சொன்னனுங்களா? ஒயரு மட்டும் இழுக்காதீங்க. எல்லாம் சாக்குங்க. எதுனா ஆச்சுனா தாங்காது," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவளுடைய கொய்யா மரமும், கூரையும், சுவரில் பதித்த சார்ஜர் பெட்டியும்தான் கண்ணில் நின்றன. அதே மாதிரி வீட்டு வாசலில், ராத்திரியில் செருக வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி பகலில் பெரும்பாலான நேரம் கடை முன்னால் சும்மா நிற்கும் என்பதும், கடைக்குத் தனி மின் இணைப்பு இருப்பதும் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அதையும் போனில் மகள்தான் கேட்டாள்: "பகல்ல கடையில போட்டா ஆகாதா?"

கடை முன்னால் குழாய்ச் சுருள்கள் அடுக்கியிருந்தன. என் கணவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுநாள் ஒதுக்கி வைத்தார். வயர்மேனைக் கூட்டி வந்து, தனிக் கம்பி இழுக்க முடியும், எர்த் சரியாகப் போட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் வண்டி எனக்கு, நான் பள்ளிக்கு ஓட்டிப் போவேன். மற்ற நாள் கடையில் சார்ஜ். தோட்டங்களுக்கு அவர் பைக்கில் போவார்.

கடைசியாக வந்தது காசு. அவளுடைய நீல வண்டி மாதிரி வேண்டுமென்றால் மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்போம். டீசல் வண்டிக்குக் கிடைப்பதோடு, நான் கட்டி முடித்திருந்த சீட்டுப் பணத்தைச் சேர்த்தால் வாங்கக்கூடியது ஒன்று இருந்தது. தருமபுரியில் ஒரு புரோக்கரிடம், ஒருவர் ஓட்டிய சின்ன வண்டி. வெள்ளை. நாலு பேர் உட்காரலாம், நெருக்கி. போய்ப் பார்த்தோம். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கம்பெனி சர்வீஸில் சோதித்து எழுதித் தரவேண்டும், உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று எழுத வேண்டும், வாய்ச்சொல் வேண்டாம் என்றேன். புரோக்கர் என் கணவரிடம், "அம்மா பேங்க்ல இருக்காங்களா?" என்று கேட்டார்.

பேட்டரிச் சோதனைத் தாள் வந்தது. பள்ளிக்கும் கடைக்கும் சேலத்துக்கு ஒரு வழிக்கும் ஒரு சார்ஜ் தாராளம். ஆனால் பழைய பேட்டரியை நம்பி நாலு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மலை ஏற என் கணவர் ஒப்பவில்லை. மலை ஏறும்போது சார்ஜைக் குடித்தாலும் இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்று புரோக்கர் எவ்வளவோ சொன்னார். "திரும்பி எறங்கறதுக்கு மொதல்ல ஏறணும்ல," என்றார் இவர். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்:

"மலைக்கும் பெங்களூருக்கும் தம்பி வண்டிலதான் போகணும். அதுக்குச் சரினா இத எடுக்கலாம். இல்லனா டீசலே இருக்கட்டும்."

"தம்பிகிட்ட கேளுங்க."

"ஓட்டுறது அவனா? அவகிட்ட நீ கேளு. இந்தப் பதினெட்டுக்கே கேளு, பழகிக்கலாம்."

அந்தச் சித்தேரித் தாள்கள் பத்தும் திரும்ப என் முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. சொந்தமாக ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமென்றால், வருடத்துக்கு மூன்று நாலு தடவை அவளுடைய ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நான் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். அதுவும் நானே கேட்டு. இரண்டு நாள் கேட்கவில்லை. இரண்டு நாள் தாளிலும் "வெயில்" என்று மட்டும் இருக்கிறது. மொரப்பூர்க்காரர் கடைக்கு வந்து, என்ன முடிவு என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது நாள், மதிய இடைவேளையில், பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆய்வகத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அக்கா."

"பதினெட்டுக்கு மலைக்குப் போறமில்ல. உங்க வண்டியில போலாமானு கேக்கலாம்னு."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. 

"ஏங்க, உங்க வண்டிக்கு என்னாச்சு?"

"ஆவணியில குடுத்தர்றோம். சின்னதா ஒரு கரண்டு வண்டி பாத்திருக்கோம். பழசு. மலைக்கு அது வேணாங்கறாரு உங்க மாமா. இனிமே மலைக்குனா உங்களதான் கேக்கணும்."

எந்த வண்டி என்று கேட்டாள். சொன்னேன்.

"அது நல்லாயிருக்குங்க அக்கா. உங்க சந்துக்கே போனாலும் போயிரும்." அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "யாரு ஓட்டப் போறா? நீங்களா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ஏறும்போது நான் ஓட்டுறேன். மலையெறங்குனதும் நீங்க புடிங்க, அரூர் வரைக்கும். என் வண்டியிலயே பழகிக்கங்க. இடிச்சாலும் இன்சூரன்ஸ் புதுசு."

நான் அவள் இடத்தில் இருந்திருந்தால், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டியை, ஏழு தடவை நிறுத்தியவள் கையில் கொடுத்திருக்க மாட்டேன். கொடுக்காதது மட்டுமல்ல, சித்தேரிக்கு வேறு வேலை இருக்கிறது என்றும் சொல்லியிருப்பேன். காரைப் பார்த்து வந்ததைவிட இது பெரிய எரிச்சலாக இருந்தது. இந்த மனசு எந்தப் புரோக்கரிடமும் கிடைக்காது.

"சரி," என்றேன்.

"ஏழு மணிக்கு வந்துருவேன். ரெடியா இருங்க. போன வருசம் மாதிரி ஒம்போது ஆக்கிடாதீங்க."

போன வருடம் கிளம்பியது எட்டு இருபதுக்கு. தாளில் இருக்கிறது. சொல்லவில்லை.

அன்று மாலை மொரப்பூர்க்காரருக்கு என் கணவர் போன் செய்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் அன்றைய தாளில் எழுதினேன்: "வெயில். ஓரகத்தியிடம் கார் கேட்டேன். ஏழு மணிக்கு வருகிறாள்." பிறகு உருவிய பதினான்கு தாள்களையும் அவற்றின் இடத்தில் குத்தினேன். ஓட்டை கிழிந்தவற்றுக்குப் பின்னால் ஸ்டாம்பு ஒட்டுவதுபோல் துண்டுக் காகிதம் ஒட்டினேன்.

இந்த வருடக் கம்பியில் ஆனி கடைசி ஞாயிறு பாக்கி இருந்தது. அதை எடுத்தேன். ஆய்வக ஏட்டில் பிறகு எதையாவது சேர்த்தால், சேர்த்த தேதியைப் பக்கத்தில் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. "ஓரகத்தி வந்தாள்" என்பதற்குக் கீழே எழுதினேன்: "புது மின்சாரக் காரில். நீல நிறம். அவளே ஓட்டினாள்." பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

நன்றாக ஓட்டினாள் என்று எழுதவும் இடம் இருந்தது. எழுதவில்லை.